மேசைமேல் இரண்டு கைகள்

உடுத்திய துணியாலேயே கண்ணாடியைத் துடைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது, அம்மா. நீங்கள் இப்போது செய்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். துணியில் இருக்கும் தூசி லென்ஸில் கீறல் போடும். உடனே தெரியாது. பிறகு ஒருநாள் தெருவிளக்கைப் பார்த்தால் அதற்கு மீசை முளைத்த மாதிரித் தெரியும். ஒரு சொட்டு சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி, இவை போதும். இப்படிக் கொடுத்தால் நானே கழுவித் தருகிறேன். வேண்டாமா? சரி. எங்கள் சபைப் பாஸ்டர் உங்களை முன்கூட்டியே எச்சரித்திருப்பார்.

என்னையும் எச்சரித்துத்தான் உங்களிடம் கவுன்சலிங்குக்கு அனுப்பினார். "அந்தம்மா சிரிக்க மாட்டாங்க. உங்க பேச்செல்லாம் அங்க எடுபடாது. நடந்தத நடந்தபடி சொல்லிடுங்க" என்றார். எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னேன். அங்கே பாதிக் கதை முடிவதற்குள் எழுதிக்கொண்டிருந்தவர் தன் கண்ணாடியைக் கழற்றி, "படிக்கும்போது தலை வலிக்குதுங்க, பவர் மாறியிருக்குமா?" என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். தொழில் எங்கே போனாலும் நிழல் மாதிரிக் கூடவே வருகிறது.

என் தொழில்தான் உங்களுக்குத் தெரியுமே. கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதிப்பது, லென்ஸ் வெட்டுவது, ஃபிரேமில் பொருத்துவது, மூக்கின்மேல் உட்காரவைப்பது எல்லாம் நானே. பாஸ்டருக்கும் பாஸ்டரம்மாவுக்கும் சபையில் பாதிப் பேருக்கும் நான் போட்ட கண்ணாடிதான்.

முதலில் பழைய விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் என் மனைவியை அடித்திருக்கிறேன். அதை நான் மறைத்ததே இல்லை. கோபம் வந்தால் கை நீளும். ஒருமுறை அவளுடைய அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, கழுத்தோரம் இருந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டாள். நேராகப் பாஸ்டரிடம் போய்விட்டாள். ஒன்று, சபையில் நடக்கும் ஆண்கள் கூட்டத்துக்கு நான் போக வேண்டும். இல்லையென்றால் தங்கையைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள். நான் கூட்டத்துக்குப் போனேன். மனைவி இல்லாத வீட்டில் யார் இருப்பது?

கூட்டம் சபைக்குப் பின்னால், ஞாயிறுப் பள்ளி அறையில் நடக்கும். உட்கார இருப்பதெல்லாம் குழந்தைகள் நாற்காலி. வீட்டில் பெண்டாட்டியை மிரட்டுகிற ஆறேழு தடியன்கள் முழங்கால் தாடையில் இடிக்க அதில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நீங்கள்கூடச் சிரித்திருப்பீர்கள். பாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆண்கள் சுற்றி வளைத்துப் பேசுவார்கள், அவள் என்ன சொன்னாள் என்பதிலேயே நேரத்தை ஓட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவரவர் முறை வரும்போது இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைக்க வேண்டும். அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "இந்த வாரம் இந்தக் கை என்ன செஞ்சுது?"

அது போக, ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. அவன் நம் மனைவிக்கு எப்போது வேண்டுமானாலும் போன் செய்து விசாரிக்கலாம், சொல்லாமல் வீட்டுக்கும் வரலாம். மனைவிமார்களைப் பாஸ்டரம்மா தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். மொத்தத்தில் நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குத் துணையாக வந்தவர் ஒரு பஸ் டிரைவர். ஆள் மலை மாதிரி, மனசு பச்சைக் குழந்தை. அவர் கையை மேசைமேல் வைத்தாலே மேசை ஆடும். "கதவ ஓங்கிச் சாத்திட்டேன் பாஸ்டர். அவ பயந்துட்டா. அவ மூஞ்சியப் பாத்ததும் எனக்கே வெக்கமாப் போச்சு" என்று சொல்லி மூக்கை உறிஞ்சுவார். என் முறை வரும்போது நான் கைகளை விரித்துவைத்து, "இந்தக் கை இந்த வாரம் யாரையும் தொடவில்லை" என்பேன். அது சத்தியமான உண்மை. அந்த அறைக்குள் போன நாளிலிருந்து நான் அவளை அடித்ததே இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற ஆள் நான்.

சிக்கல் எங்கே தொடங்கியது என்று கேட்டால், உப்பில். ஒருநாள் சாப்பிடும்போது உப்பு குறைவு என்றேன். முன்பெல்லாம் அந்தச் சொல்லுக்கே அவள் எழுந்து ஓடுவாள். அன்று நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்து, "டப்பா உங்க பக்கத்துலதானே இருக்கு" என்றாள். நல்ல பதில். இப்போதும் ரசிக்கிறேன். அன்று என் கைகளை மேசைக்கு அடியில் கோத்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பயம் போய்விட்டால் அந்த இடத்தில் பாசம் வரும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். வந்தது பாசம் இல்லை அம்மா, துணிச்சல்.

மறுநாள் காலையில் அவளே கண்ணாடியைக் கொண்டுவந்து, "திருகு லூசா இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அவளுக்குக் கிட்டப்பார்வையோடு, ஒரு பக்கமாகக் கலங்கித் தெரிகிற குறையும் உண்டு. அந்த மாதிரி லென்ஸுக்குத் திசை முக்கியம். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டும்போது துளி திருப்பி வெட்டிவிட்டால் தரை சாயும், வாசற்படி மேலேறும், கதவு நிலை நெளியும். பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. போட்டிருக்கிற ஆளுக்கும் கண்ணாடியில் கோளாறு என்று தோன்றாது. தன்மேல்தான் சந்தேகம் வரும்.

சாயங்காலம் திருப்பிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு நடந்தவள், இல்லாத படி ஒன்றைத் தாண்டினாள். வெறும் தரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தண்ணீருக்குள் நடக்கிறவள் மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும், "என்னமோ ஆகுதுங்க எனக்கு" என்று சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நாளைக்கு அப்புறம் தானாக வந்து பிடித்த கை தெரியுமா? அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதில் கெட்ட எண்ணம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

கண் பொல்லாதது அம்மா, எதற்கும் பழகிவிடும். கொஞ்ச நாள் போனால் அவள் நேராக நடக்க ஆரம்பித்துவிடுவாள். அப்போது வேறு லென்ஸ் வெட்டி வேறு பக்கம் திருப்புவேன். இதற்காகவே தினமும் காலையில் அவள் கண்ணாடியை நானே கழுவிக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கினேன். அவள் காபி குடித்து முடிப்பதற்குள் கண்ணாடி பளிச்சென்று மேசையில் இருக்கும். மாற்றியதா, மாற்றாததா என்று அவளுக்குத் தெரியாது. சில வாரம் ஒன்றும் செய்யாமல் விட்டும் வைப்பேன். அந்த வாரங்களிலும் அவள் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடந்தாள்.

தலை சுற்றுகிறது, கண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று அவளே கேட்டாள். கடையில் உட்காரவைத்துச் சோதித்தேன். சோதிக்கிற லென்ஸெல்லாம் சரியானவை, அதனால் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். "பாத்தியா, கண்ல ஒண்ணுமில்ல. உனக்குப் பதட்டம்தான்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். நான் ஒருநாளும் வேலையை விடு என்று சொன்னதில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கோ ஒரு மாத்திரைக்கு வேறொரு மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் போய், பக்கத்திலிருந்தவர் பார்த்துத் தடுத்திருக்கிறார். அவளே பயந்துபோய் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள். நான் தேற்றினேன். என் அளவுக்குத் தேற்றத் தெரிந்தவர்கள் குறைவு.

விழுந்தால் அடிபடும் இல்லையா. முழங்கையில், நெற்றியில், கன்னத்தில் கன்றிப்போன அடையாளங்கள் வந்தன. பாஸ்டர் ஒன்றும் முட்டாள் இல்லை. ஒரு சனிக்கிழமை என்னை மட்டும் நிறுத்திவைத்து, "கைய வைங்க" என்றார். வைத்தேன். நேருக்கு நேர் பார்த்து, "தொடவில்லை" என்றேன். பாஸ்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பயப்படாமல் சொல் என்று கெஞ்சியிருக்கிறார். அவள் சொன்ன பதிலைப் பின்னால் கேள்விப்பட்டேன். "இல்லம்மா, சத்தியமா அவரு அடிக்கல. அவரு எவ்வளவோ மாறிட்டாரு. எனக்குத்தான் நடக்கத் தெரியல."

அதற்கு அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தில் என்னைப் பற்றிப் பேசினார். பேர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவினார், நம்முடைய ஒரு சகோதரர் தினமும் காலையில் மனைவியின் கண்ணாடியைக் கழுவிக் கொடுக்கிறார், அன்பு இப்படித்தான் சின்னச் சின்ன வேலையில் இருக்கிறது என்றார். பக்கத்து வரிசையில் பஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அண்ணே, நான் எப்பண்ணே உங்கள மாதிரி ஆவேன்?" என்றார். முதுகில் தட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு புதிதாக வருகிற ஆண்களிடம் முதல் வாரம் நான்தான் பேசுவேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இனி படிக்கட்டு விஷயம். நீங்கள் பேனாவை எடுக்க வேண்டாம், மெதுவாகத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் என்னிடம் சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். தனியாக, பஸ்ஸில். கேட்டபோது, "சுவத்தப் புடிச்சுக்கிட்டே போயிட்டு வந்துட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். பரீட்சையில் பாஸான குழந்தை மாதிரி முகம். நான் பாராட்டினேன். மறுநாள் காலையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திருப்பி வெட்டிய ஒரு ஜோடியைப் பொருத்தி, கழுவி, மேசையில் வைத்தேன். அன்று துணி துவைக்கும் நாள். எங்கள் வீட்டில் துணி காயப்போடுவது மாடியில். படிக்கட்டுக்குக் கைப்பிடி ஒரு பக்கம்தான். கூடையைத் தூக்கினால் அதையும் பிடிக்க முடியாது.

படிக்கட்டை நான் நினைக்கவே இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். நினைத்தேன். கடையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டே நினைத்தேன். கால் சுளுக்கினால் நன்றாக இருக்கும், கொஞ்ச நாள் வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தேன். இடுப்பெலும்பும் மணிக்கட்டும் முறியும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த அளவு என் கணக்கு பிசகிவிட்டது.

ஆஸ்பத்திரியில்தான் மாட்டிக்கொண்டேன். அதுவும் என் ஞாபக மறதியால். விழுந்ததில் கண்ணாடி உடையவில்லை, அந்த லென்ஸை மாற்றிவைக்க மறந்துவிட்டேன். பாஸ்டரம்மாவும் டிரைவரும் பார்க்க வந்தார்கள். ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் வேதத்திலிருந்து கொஞ்சம் வாசிக்கலாம் என்று பாஸ்டரம்மா கைப்பையைத் துழாவினார். அவருடைய கண்ணாடி அன்று காலையில் உடைந்துவிட்டதால், டிரைவர் கையைப் பிடித்துத்தான் வந்திருந்தார். "ஒன்னோடதக் கொடும்மா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரின்னு அன்னிக்கிக் கடையில சொன்னாங்களே" என்று என் மனைவியின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சொன்னது நான்தான். ஊரில் இரண்டு பேருக்கு அச்சு அசலாக ஒரே குறை இருப்பது அபூர்வம், அந்த அதிசயத்தை நானே வாய் வலிக்கச் சொல்லியிருந்தேன்.

வாசிக்க ஆரம்பித்து நிறுத்தினார். தண்ணீர் எடுக்க எழுந்தவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கழற்றினார், தரையைப் பார்த்தார். மறுபடி மாட்டினார், பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டா இத்தன நாளும் நடந்த?"

"ஆமாம்மா."

"இத யாரு செஞ்சது?"

"அவர்தான். தெனமும் அவரே கழுவித் தர்றாரு" என்றாள் என் மனைவி. சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. கட்டிலில் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அந்தத் தூரத்தில் என் முகம் அவளுக்கு வெறும் புகைமூட்டமாகத்தான் தெரியும். ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள். பாஸ்டரம்மா கண்ணாடியை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். டிரைவர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பாஸ்டர் கூப்பிட்டபோது, பழக்க தோஷத்தில் கைகளை மேசைமேல் விரித்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "கை என்ன செஞ்சுதுன்னு ஒங்ககிட்ட கேட்டேன். அவ எப்படியிருக்கான்னு யார்கிட்டயும் ஒழுங்காக் கேக்கல. அது என் தப்பு" என்றார். அவருக்காக எனக்குக் கஷ்டமாக இருந்தது. மனிதர் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

நான் செய்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் என் கையால்தான் செய்தேன். இதைத்தானே நீங்கள் கேட்க வேண்டியிருந்தது?

இன்னும் ஒரு விஷயம் மட்டும். அவள் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள். கிட்டே போகக் கூடாது என்று உத்தரவு, போகவில்லை. போன வாரம் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். கைத்தடி ஊன்றியிருந்தாள், ஆனால் யார் கையையும் பிடிக்கவில்லை. வண்டிகளை இரண்டு பக்கமும் பார்த்து, சரியான இடத்தில் காலை வைத்து, தெருவைக் கடந்து போனாள். வேறு கடையில் கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கிறாள். இடது பக்கம் துளி இறங்கி இருக்கிறது, மூக்கில் சரியாக உட்காரவில்லை. பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வேலையைச் செய்தவனுக்குக் கொஞ்சம்கூட அக்கறை இல்லை. நீங்கள் அவளைப் பார்க்கும்போது அதை மட்டும் வாங்கி அனுப்புங்கள் அம்மா, ஒரே நாளில் சரி செய்து, கழுவித் தந்துவிடுகிறேன். பாவம், விழுந்துவிடப் போகிறாள்.