சக்கரத்துக்குக் காய்ச்சல்

தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு கிரீஸ் டப்பா.

"ஒவ்வொரு சவாரி முடிஞ்சதும் என் பொண்டாட்டி சக்கரத்தத் தொட்டு, காய்ச்சல் கீதான்னு பாக்கும்."

"இன்னாண்ணா, கொழந்தைக்குப் பாக்குற மாதிரி!"

"பீச்சுல வாடகைக்கு வுடுற நாலு சக்கர பைக்குடா. பேரிங் போச்சுன்னா மொதல்ல சூடுதான் ஏறும். போன ஞாயித்துக்கெழம பின் சக்கரம் சுட்டுச்சு. ஏறி உக்காந்த ரெண்டு பேரையும் என் பொண்டாட்டி எறக்கி வுட்டுச்சு. சவாரி போச்சேன்னு நான் கத்துனேன். கழட்டிப் பாத்தா உள்ள உப்புத் தண்ணி, பேரிங் குண்டெல்லாம் நொறுங்கிக் கீது."

"கிரீஸ் வெக்கலியா?"

"வெச்சேன், ரோட்டு வண்டிக்கு வெக்கிறது. கடல் தண்ணி பட்டா அது நிக்காதாம். 'படகு இன்ஜினுக்குப் போடுறத வாங்கினு வா'ன்னுச்சு. மீன்காரி, அதுக்குத் தெரியாத கடலா?"

"அப்ப எல்லாமே அண்ணிதான். நீ இன்னாதான் பண்ற?"

அவர் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது தொட்டுப் பாத்து தலையாட்டுனா சாவி போடுவேன். இல்லாங்காட்டி கம்முனு நிப்பேன்."