பேட்டியில் பக்கத்தில் நின்றவன்

அரசுத் தொலைக்காட்சியின் மாநிலச் செய்தியை எங்கள் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. ரிமோட் தொலைந்துபோன வீட்டில் பார்ப்பார்கள். அந்தத் தைரியத்தில்தான், இன்ஸ்பெக்டர் சார், பக்கிரியை எனக்குத் தெரியாது என்று முதலில் சொன்னேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருக்கிறேன். 2008 பொங்கலுக்கு முன் கேமராவோடு வந்து என்னைப் பேட்டி எடுத்தார்கள். பக்கத்தில் ஒரு தொழிலாளி நிற்கட்டும் என்றார்கள். என்னிடம் சிரிக்கத் தெரிந்தவன் பக்கிரி ஒருவன்தான். தோளில் கைபோட்டு, "இவன் எங்க வூட்டுப் புள்ள மாதிரிங்க" என்றேன். மாதிரி என்றுதான் சொன்னேன்.

அந்தச் செய்தியை இன்டர்நெட்டில் வேறு போட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமாம். அரசாங்கம் ஒரு வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்யும் என்று யார் கண்டது? நந்தகுமாரின் பிரவுசிங் சென்டரில் போடச் சொல்லி, பார்த்தவர்களுக்கெல்லாம் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் என்னை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

போன மாதம் சரக்கு ஏற்ற வந்துகொண்டிருந்த லாரி வேப்பூரைத் தாண்டிவிட்டது, அரைமணியில் வாசலுக்கு வந்துவிடும். சூளை ஆறவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பக்கிரியை உள்ளே போகச் சொன்னேன்.

"இன்னும் சூடு இருக்குதுங்க மொதலாளி. மேல வேற விரிசல் வுட்டிருக்குது."

எதற்கும் ஒரு காரணம் சொல்கிற பழக்கம் அவனுக்கு. போனான். பாதிச் சரக்கு வெளியே வந்த பிறகு மேல்வளைவு சரிந்தது.

அவன் மனைவி ராஜம்மாள் நிவாரணம் கேட்டு வந்தபோது, "யாரும்மா நீ? திருட வந்து மாட்டிக்கிட்டவனுக்கு நானா பொறுப்பு?" என்றேன். மற்ற தொழிலாளர்களும் அவனைத் தெரியாது என்றார்கள். வேலை வேண்டுமே, பாவம்.

நந்தகுமார்தான் அவளைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டியிருக்கிறான். என்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "எங்க வூட்டுக்காரரு சிரிக்கிறாருங்க. இன்னொரு தடவ போடுங்க" என்று அழுதாளாம். அதைக் கேட்டு எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

இப்போது நீங்களும் அதைப் பார்த்துவிட்டீர்கள், இனி மறைக்க ஒன்றுமில்லை. சரிந்த பிறகும் உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. 'மொதலாளி' என்றுதான் கூப்பிட்டான், மரியாதை தெரிந்தவன். கல்லைப் பிரித்தால் மிச்சப் பொம்மைகள் நொறுங்கியிருக்கும். வெளியே இருந்த சரக்கை ஏற்றி லாரியை அனுப்பிவிட்டு வந்தேன். சத்தம் நின்றிருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கோர்ட்டில் அந்த வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட வேண்டாம். தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி நான் பேசியது கடைசியில்தான் வருகிறது.