அதுவே தாங்கிக்கிரும்

டீ நல்லா இருக்குங்கய்யா. ஸ்டேஷன் டீன்னா கழனித்தண்ணி மாதிரி இருக்கும்னு நெனச்சேன். சாவகாசமா எழுதிக்கங்க, எனக்கு ஒன்னும் அவசரமில்ல.

பேரு ஈஸ்வரபாண்டி. வருசநாட்டு மலையடிவாரத்துல மழையைக் கணிக்கிற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்குல்ல, அதுக்குக் காவல். நூத்துக்கணக்கான மிஷினை ஒன்னாக் கோத்து வச்சிருக்காக. எது சூடாகுது, எது படுக்கப் போகுதுன்னு திரையில பாத்துக்கிட்டே இருக்கணும். ஒன்னு படுத்துட்டா அதோட வேலையை இன்னொன்னு எடுத்துக்கிரும். மனுசன் படுத்தாத்தான் ஏன்னு கேக்க நாதி கிடையாது. கேட்டுல வாட்ச்மேன் வீரணன், உள்ள நான். அம்புட்டுத்தான்.

பழுதுன்னா தேனியிலருந்து ஜெசிந்தா எஞ்சினியர் ஸ்கூட்டியில வருவாக. வந்ததும், "பாண்டிண்ணே, சாப்டீகளா?"ன்னு கேப்பாக. எம்பொண்டாட்டி போய்ச் சேந்த பெறகு என்னைய அப்படிக் கேட்ட ஒரே ஆளு. வீரணனையும் கேப்பாக, இல்லேங்கல. அவனை வண்டியை நிறுத்தாமக் கேப்பாக. என்னைய நின்னு கேப்பாக. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

அதனால அப்பப்ப ஒரு ஃபேனை நானே புடுங்கி விட்டேன். அவுக கெட்டிக்காரி. எது எப்படிப் பழுதாகுதுன்னு ஆராய்ஞ்சு புது ப்ரோக்ராம் போட்டுட்டாக. "இனி பாதி மிஷினு படுத்தாலும் அதுவே தாங்கிக்கிரும்ணே. சும்மாச் சும்மா நான் வர வேண்டியதில்ல"ன்னு சிரிச்சாக. அதுக்கப்புறம் ரொம்ப நாளா யாரும் வரல.

போன வியாழக்கிழமை காலையில ஏசியை அமத்துனேன். ஒன்னொன்னாப் படுத்துச்சு. அவுகளுக்கு ஃபோன் போட்டேன். "கிளம்பிட்டேண்ணே. சாப்டீகளா? புரோட்டா வாங்கியாரவா?"ன்னாக.

மிச்சமிருந்த மிஷினுக விடாமக் கணக்குப் போட்டுச்சுக, அவுக ப்ரோக்ராம் அப்படி. திரையில வந்துச்சு: மலையில பேய்மழை, ஓடையில வெள்ளம். கணக்கு முடிஞ்சா கலெக்டர் ஆபீசுக்கு எச்சரிக்கை போயிரும். அவுக வர்ற வழியில ஓடைக்குக் குறுக்க இருக்க தரைப்பாலத்தை அடைச்சிருவாக. அவுக பாதி வழியில திரும்பிருவாக.

மெயின் சுவிட்சை இறக்குனேன். வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சேதான் இறக்குனேன். அப்படியே எழுதிக்கங்க.

மறுநாள் தரைப்பாலத்துக்குக் கீழ அவுக உடம்பை எடுத்தாகன்னு வீரணன்தான் அழுதுக்கிட்டே சொன்னான். வண்டியில புரோட்டாப் பொட்டலம் மூணு இருந்துச்சுங்கிறீக. ஒன்னு வீரணனுக்குன்னு சொல்ல வாரீக.

இல்லங்கய்யா. எனக்குப் பசி தாங்காதுன்னு அவுகளுக்குத் தெரியும். ரெண்டு எனக்கு.