ஒரு சொல்லும் கூட்டாமல் முப்பத்து நான்கு படி ஏறியவர்களுக்கு

செவ்வாய்தோறும் சிரித்த முகத்தோடும் வியாழன்தோறும் வியர்த்த சட்டையோடும் வந்து நிற்கும் உடன்வருவோரே! சக்கர நாற்காலியின் சக்கரத்துக்கு எண்ணெயும் சலித்துப்போன மனத்துக்குச் சிரிப்பும் சரியான அளவில் ஊற்றத் தெரிந்த சான்றோரே! வழியை அடைத்துக் கட்டியவர்களிடம் வழி கேட்டு, வாதாடி, வாங்கும்வரை அவர்கள் வாசலிலேயே குடியிருக்கும் வழக்காடிகளே! பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் உங்களைப் போல் பிடிவாதக்காரர்கள் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அவர்களையும் நான் இழுத்து வந்திருப்பேன்.

நமது உடன்வருவோர் சங்கத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ஒருங்கிணைப்பாளராக இருந்து இன்று விடைபெறும் குணவதியாகிய நான், உங்களுக்கு எழுதும் மடல் இது. முறைப்படி நீங்கள் எனக்கு எழுத வேண்டும். எழுதியும் விட்டீர்கள். ஆனால், ஓய்வு பெறுகிறவருக்கு எழுதும் மடலை அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்துத் திருத்துவது இருபத்தாறு ஆண்டுகளாக என் வேலை. அலுவலகத்து ரமணி, பழக்கம் விடாமல், எனக்கான மடலையும் எனக்கே அனுப்பிவிட்டார். "அக்கா, ஒரு தடவ பார்த்துக் குடுங்க லா, நாளைக்கு பிரேம் போடணும்" என்று குரல்பதிவு வேறு. பார்த்தேன். 'தியாகச் சுடரே' என்று தொடங்கி, 'அன்னையே' என்று ஏழு இடத்தில் அழைத்து, என்னை உயிரோடு மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தீர்கள். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆள்தான் பிழை. ஆகவே ஆளைத் திருத்திவிட்டேன். சட்டமும் கண்ணாடியும் நீங்கள் வாங்கியவை. உள்ளே இருப்பது மட்டும் என்னுடையது.

இதை இப்போது உங்களுக்கு வாசித்துக்கொண்டிருப்பவர் சபூரா. சௌரஸ்டா சந்தையில் தையல்கடை வைத்திருக்கும் இவர், ஒன்பது ஆண்டுகளாக நம் சங்கத்தின் குரல்துணை. புதியவர்களுக்குச் சட்டென்று புரியாத பேச்சுடையவர்கள் ஒரு வாக்கியம் சொல்ல, இவர் அதையே உரக்கச் சொல்வார். ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது, கேள்வி வந்தால் தானே பதில் சொல்லவும் கூடாது என்பது நம் சங்கத்தின் முதல் சட்டம். அந்தச் சட்டப்படி, தம்மைப் பற்றிய புகழுரை வரும்போது வெட்கப்பட்டுத் தாண்டிப் போக இவருக்கு உரிமையில்லை. வாசியுங்கள், சபூரா: பொறுமையில் பூமி, குரலில் குயில், பிடிவாதத்தில் பினாங்குப் பாலம். நன்று. மேலே போகலாம்.

நான் அளந்துவிடுவேன் என்பது நீங்கள் அறிந்ததே. ஆயினும், இனி வரும் நிகழ்ச்சியில் காமினியின் சொற்களை மட்டும் நான் அளக்கவில்லை. மலாயில் சொன்னதைத் தமிழில் தந்திருக்கிறேன்; அவ்வளவே.

சென்ற மார்ச் மாதத்துப் புதன்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். நம் மையத்து வாசலில் உள்ள பேருந்து நிறுத்தத்தைச் சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றலாமா என்று முடிவு செய்யும் குழு அன்று கூடியது. ஆறு தடச் சாலை அது. சாய்தளம் உள்ள அந்த ஒரே நிறுத்தத்திலிருந்துதான் நம்மவர் பதினொரு பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். நிறுத்தம் போனால் பேருந்து போகும்; பேருந்து போனால் வேலை போகும். அமைப்புக்கு ஒருவர், ஐந்து நிமிடம், பதிவு செய்த பெயரில் மாற்றமில்லை, தொலைபேசி வழியும் இல்லை. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த அமைப்பு. நாம் பதிவு செய்த பெயர், காமினி. வயது முப்பத்தொன்று, பதினொருவரில் ஒருவர், சக்கர நாற்காலியில் வருபவர், பேசும் ஒவ்வொரு சொல்லையும் தசையோடு மல்லுக்கட்டி வெளியே கொண்டுவருபவர், ஆகையால் வீண்சொல் ஒன்றுகூடப் பேசாதவர்.

செவ்வாயும் வியாழனும் மட்டுமே வர வேண்டிய இருவர் அன்று புதனில் கடையடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சபூரா. மற்றவர், மாக் மண்டினில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் இப்ராஹிம். நம் வேனை ஓட்டுபவர், வேன் நின்றால் தள்ளுபவர், தள்ளியும் ஓடாவிட்டால் அதனோடு சண்டை போடுபவர்.

பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் மாடியில். லிஃப்ட் கதவில் ஒரு தாள்: 'ரோசாக்'. பழுது.

பழுது லிஃப்டில் மட்டுமில்லை. குழு அனுப்பிய விண்ணப்பப் பாரத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. குரல்துணை வேண்டுமா என்ற கட்டத்தைக் காமினி தாமே சரியாக நிரப்பினார். 'வேறு ஏற்பாடு தேவையா' என்ற கட்டத்தை நான் நிரப்பினேன். 'தேவையில்லை'. யாரிடமும் கையேந்தாதவர்கள் நாம் என்று இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, கை தானாகவே எழுதிவிட்டது. 'தேவை' என்று எழுதியிருந்தால் கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வைத்திருப்பார்கள். இதை இன்றுவரை உங்களில் இருவருக்கு மட்டுமே சொல்லியிருக்கிறேன். இப்போது எல்லோருக்கும்.

படிக்கட்டின் அடியில் கட்டடக் காவலர் வாசு, நல்ல மனிதர், சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார். "தங்கச்சி, நாங்க நாலு பேரு இருக்கோம். நாற்காலியோட ஒரே தூக்கு. ரெண்டு நிமிஷம் லா."

காமினி தலையசைத்தார். வேண்டாம் என்று.

கேட்காமல் தூக்காதே என்பது நம் இரண்டாவது சட்டம். இப்ராஹிம் அதை மீறவில்லை, ஆனால் மன்றாடினார். "தங்கச்சி, நீ ஒரு வார்த்தை சொல்லு. பத்து நாற்பதுக்குக் கூப்பிட்ருவாங்க. பதினொரு பேரு சோறு தங்கச்சி."

காமினி பதில் சொல்ல ஒரு நிமிடமாயிற்று. "தூக்கிட்டுப் போனா... பாரு, தூக்கிட்டு வர முடியுதுல்லம்பாங்க. ரோட்டையும்... அப்படியே தாண்டட்டும்பாங்க."

இப்ராஹிம் வாசுவைப் பார்த்தார். வாசு மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பெயர் கூப்பிட்டபோது மாடி வாசற்கதவைக் காலால் திறந்து பிடித்துக்கொண்டு இப்ராஹிம் நின்றார். "வந்திருக்காங்க, துவான். கீழே இருக்காங்க." மேலே வரட்டும் என்றார் தலைவர். லிஃப்ட் ஓடினா வருவாங்க என்றார் இவர். கடிதத்தில் எழுதியிருப்பது கட்டடத்தின் முகவரிதானே, கட்டடத்துக்குள்தான் இருக்காங்க, குரல்துணைக்கும் நீங்களே அனுமதி கொடுத்திருக்கீங்க என்று அடுக்கினார். தலைவர் கடிதத்தைப் புரட்டினார். ஐந்து நிமிடம் என்றார், கேள்வியும் அதற்குள்ளேயே. செயலாளர் கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டார்.

"லாத்தா, ஆரம்பிச்சிட்டாங்க!" என்று இப்ராஹிம் கீழே நின்ற சபூரா அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

படிகள் முப்பத்து நான்கு. இதில் மிகை கிடையாது, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். என் முழங்கால் பதினேழாவது படியில் என்னைக் கைவிட்டதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேலேயும் கேட்டது, கீழேயும் கேட்டது. அன்று அந்தக் கட்டடத்தில் முழுக்கூட்டத்தையும் கேட்டவள் நான் ஒருத்திதான்.

காமினி சொன்னார். சபூரா நாற்காலியின் முன் குனிந்து, முகம் பார்த்துக் கேட்டு, ஐம்பத்தாறு வயதின் அத்தனை எலும்போடும் ஏறினார். வாசலில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "என் பெயர் காமினி. நான் கீழே இருக்கிறேன்."

சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்ராஹிம் பின்னாலேயே தலையை நீட்டினார். "இதுக்கா லாத்தா ஏறி வந்தீங்க? அவங்களுக்குத்தான் தெரியுமே. டைம் போவுது."

"அவ சொன்னா. நான் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே சபூரா என்னைக் கடந்து போனார்.

இரண்டாவது ஏற்றத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "இந்த நிறுத்தத்திலிருந்து பதினொரு பேர் வேலைக்குப் போகிறோம். எதிர்ப்பக்கம் மாற்றினால் ஆறு தடம் தாண்ட வேண்டும். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு பதினெட்டு விநாடி எரிகிறது. எனக்கு நாற்பத்தொரு விநாடி வேண்டும்."

அறையில் யாரோ காகிதத்தில் எதையோ குறித்தார்கள். செயலாளர் இரண்டு நிமிடம் இருக்கிறது என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் சங்கத்தில்தான் இத்தனை தொண்டர்கள் இருக்கிறீர்களே, சாலையைத் தாண்ட உதவ மாட்டீர்களா என்று கேட்டார்.

சபூரா திரும்பினார்.

"அம்மா, நீங்களே சொல்லலாமே. உங்களுக்குப் பதில் தெரியாதா?"

"தெரியும், துவான். ஆனா நீங்க கேட்டது அவங்கள."

இரண்டாம் முறை அவர் இறங்கியபோது படிக்கட்டு ஈரமாயிருந்தது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சபூராவின் வியர்வையில் பினாங்கு நீரிணையே இரண்டு அங்குலம் உயர்ந்தது. கீழே காமினி கேள்வியைக் கேட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். திறந்தார். மூன்றே சொல் சொன்னார்.

சபூரா ஏறி வந்து பதினேழாவது படியில் நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து, "என்ன சொன்னா?" என்றேன்.

"கீழே வந்து கேளுங்கள்."

ஏழு அதிகாரிகள். பதினொரு பேர் வேலை. பாரத்தில் என் கையெழுத்து. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சபூரா, கொஞ்சம் பதமாச் சொல்லு. முன்னாடி 'தயவுசெய்து'ன்னு ஒண்ணு சேர்த்துக்க. ஒரே ஒரு வார்த்தை."

முதல் சட்டத்தை எழுதியவள் நான். சுவரில் ஒட்டியவளும் நான். உங்கள் ஒவ்வொருவருக்கும் பயிற்சியின் முதல் நாளில் மேசையைத் தட்டிச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

சபூரா தம் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "அக்கா, அவ 'தயவுசெய்து' சொல்லலியே" என்றார். மீதிப் பதினேழு படியையும் ஏறினார். வாசலில் நின்றார். சொன்னார்.

மூன்றே சொல்.

மின்விசிறிச் சத்தம்கூட எனக்குக் கேட்டது. பிறகு செயலாளரின் கைப்பேசி மணியடித்தது. ஐந்து நிமிடம் முடிந்தது என்றார். தலைவர் கோப்பை மூடினார். மூடிய சத்தம் பதினேழாவது படிவரை வந்தது. போயிற்று என்று நினைத்தேன். நாளை காலை பதினொரு பேரிடம் எந்த முகத்தோடு பேசுவது என்றும் நினைத்தேன்.

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. இடைவேளையா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். "இல்லை, கீழே" என்றார் தலைவர்.

ஏழு பேரும் இறங்கி வந்தார்கள். நான் காலை மடக்கி வழிவிட்டேன். அவர்களில் ஒருவர், என்னைப் போலவே முழங்கால்காரர், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். கீழே, காமினியின் முன் நின்று, தலைவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

காமினி சொல்ல, சபூரா சொன்னார்: "உதவுவார்கள். என் தொண்டர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் செவ்வாயும் வியாழனும் வருகிறார்கள். நான் தினமும் வேலைக்குப் போகிறேன்."

உடன்வருவோரே! உங்களை எத்தனையோ பேர் எத்தனையோ மேடையில் புகழ்ந்திருக்கிறார்கள். வானத்தைப் போல் என்றும் கடலைப் போல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நானே சொல்லியிருக்கிறேன், கூசாமல். செவ்வாயும் வியாழனும் என்று உங்களைச் சரியாக அளந்து சொன்னவர் காமினி ஒருவரே. அப்படி அளந்து சொல்வதை, அளவு மாறாமல், ஏழு அதிகாரிகளின் முன் எடுத்துச் சொன்னவர் உங்களில் ஒருவர். இதைவிட உயர்ந்த பாராட்டு என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நிறுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். அன்று நான் அலுவலகத்தில் ஆடிய ஆட்டத்தில் மேல்மாடிக்காரர் நிலநடுக்கம் என்று இறங்கி ஓடினார் என்பதற்கு ரமணி சாட்சி. இன்று காலையும் பதினொரு பேரும் அங்கிருந்துதான் பேருந்து ஏறினார்கள். எண்ணிவிட்டுத்தான் இந்த மண்டபத்துக்கு வந்தேன்.

இனி உங்களுக்கு என் வாழ்த்து. நூறாண்டு என்று எண்ணிக் கொடுக்க எனக்கு மனமில்லை. கேட்டதை மட்டும் தூக்கி, சொன்னதை மட்டும் சொல்லி, முழங்கால் முனகாமலும் முதுகு முறுக்காமலும் நீங்கள் நெடுங்காலம் நலமாய் வாழ வேண்டும். இப்ராஹிமின் வேன் ஏற்றத்தில் நிற்காதிருக்க வேண்டும். சபூராவுக்கு இனி எல்லாக் கூட்டமும் கீழ்த்தளத்திலேயே வாய்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மேடையில் சால்வையோடும் மாலையோடும் காத்திருக்கும் சங்கத் தலைவர் திருநாவுக்கரசு அவர்களே, செயற்குழுவினரே! நேற்று மாலை இந்த மண்டபத்தை வந்து பார்த்தேன். மேடைக்கு மூன்று படிகள். சாய்தளம் இல்லை. மண்டபத்துக்கு ஜனவரியிலேயே பாரம் நிரப்பியிருக்கிறார்கள்; அதிலும் ஒரு கட்டம் இருக்கிறது; அதிலும் 'தேவையில்லை' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

நான் இப்போது காமினியின் பக்கத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து வருவதாக இல்லை.

கீழே வந்து கொடுங்கள்.

சபூரா, இதில் 'தயவுசெய்து' என்று நான் எழுதவில்லை. சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
பதினேழாம் படியில் உட்கார்ந்திருந்த
குணவதி
உடன்வருவோர் சங்கம், ஜார்ஜ்டவுன், பினாங்கு