சொன்னால்தான் தண்ணீர்

— அவன் கப்பு ஏன் பிரிட்ஜ் மேல இருக்கு?

— வந்ததும் வராததுமா கேள்வியா? செருப்பைக் கழட்டு முதல்ல.

— கழட்டியாச்சு அண்ணி. பட்டாணியோட தண்ணிக் கப்பு ஏன் பிரிட்ஜ் மேல இருக்குன்னு கேட்டேன்.

— பாடம் நடக்குது. உன் புள்ளைக்குத்தான். காலையில பத்து மணியிலேர்ந்து.

— என்ன பாடம்?

— தண்ணி. ஒரே ஒரு சொல்லு. சொன்னா தண்ணி, சொல்லலைன்னா கப்பு மேலயே இருக்கும். முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு மேடைப்பேச்சு சொல்லிக் குடுக்கறவ நான். எழுதி வெச்சுக்கோ, இதுக்கு மிஞ்சின முறை கிடையாது.

— இப்ப மணி ரெண்டு. நாலு மணி நேரமா தண்ணி குடுக்கலையா?

— நடுவுல பால் குடுத்தேன். நான் என்ன ராட்சசியா?

— பட்டாணி, வாடா இங்க. என்னடா தொண்டை இப்படிக் கட்டிப் போயிருக்கு? இந்தா, குடி. மெதுவா. மெதுவாடா, யாரும் பிடுங்க மாட்டாங்க.

— போச்சு! காலையிலேர்ந்து பட்ட பாடு அத்தனையும் ஒரே நிமிஷத்துல பாழ். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா சொல்லியிருப்பான். உதடு குவிஞ்சுது, நான் என் கண்ணால பார்த்தேன்.

— அழறதுக்குக் குவிஞ்சிருக்கும்.

— அம்மாடி, நீ வேலைக்குப் போய் நாலு ஊசி குத்திட்டு வர்றவ. உனக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? அடுத்த மாசம் ரெண்டு வயசு முடியுது. வாயைத் திறந்தா அஞ்சு சொல்லு. அஞ்சு! எங்க தெருவுல ஒரு வீட்ல கிளி இருக்கு, அது பன்னெண்டு சொல்லுது.

— அப்ப அந்தக் கிளிக்கு மேடைப்பேச்சு சொல்லிக் குடுங்க. ரெண்டு பேருக்கும் பொழுது போகும்.

— நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. ரத்தப் பரிசோதனை பண்ற எடத்துல இருந்து இருந்து உன் நாக்குலயும் ஊசி முளைச்சுடுச்சு.

— நான் குத்தினா ஒரு டியூபோட நிறுத்திடுவேன் அண்ணி. உங்களுக்குத்தான் எங்க நிறுத்தறதுன்னு தெரியல.

— சரி, அந்த அஞ்சுதான் என்ன லட்சணம்? ‘மா’, ‘தா’, ‘பூ’. அப்புறம் ஒரு ‘ஞா’. அப்புறம் ‘டுர்’. ‘டுர்’ ஒரு சொல்லா? எந்த ஊர்ல?

— லாரி. ‘ஞா’ன்னா நாய். எங்க வீட்ல எல்லாருக்கும் புரியும்.

— உங்க வீட்ல! நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போய் ‘டுர்’னு நிப்பான், டீச்சர் கையெடுத்துக் கும்பிடுவா.

— அவன் சொல்றதை எண்றீங்களே, அவனுக்குப் புரியறதை எண்ணிப் பார்த்தீங்களா? இருங்க. பட்டாணி, அப்பாவோட பழைய செருப்பு எங்கடா? எடுத்துட்டு வா. பாருங்க. ஆறு ஜோடி கிடக்கு, பழசைத்தான் தூக்கிட்டு வர்றான். சமத்து.

— நாய்கூடத்தான் எடுத்துட்டு வரும்.

— நாய்க்கு யாரும் தண்ணியைத் தூக்கிப் பிரிட்ஜ் மேல வைக்கறதில்ல.

— பேசு, பேசு. உன் வாய் அவனுக்கு வரலையேன்னுதான் எனக்கு வருத்தம்.

— டாக்டர்கிட்டக் காட்டியாச்சு அண்ணி. காது டெஸ்ட் எடுத்தாச்சு, நல்லா கேக்குது. சொல்றதெல்லாம் புரியுது, கண்ணைப் பார்க்குது, வேணுங்கறதைக் கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டுது. ஒரே மாசத்துல பொறந்த ரெண்டு குழந்தைங்கள்ல ஒண்ணு இருநூறு வார்த்தை பேசுமாம், இன்னொண்ணு பத்துல நிக்குமாம். மூணு மாசம் கழிச்சுத் திரும்பக் கூட்டிட்டு வாங்க, அப்பவும் வரலைன்னா பேச்சுப் பயிற்சி ஆரம்பிக்கலாம்னு சொன்னாங்க.

— அந்த டாக்டருக்கு முப்பது வயசு இருக்குமா? மீசையே ஒழுங்கா முளைக்கல, மூணு மாசம் கழிச்சு வாங்கறான்.

— டாக்டர் பொம்பளை.

— அப்ப சுத்தம்.

— அவங்க சொல்லணும்னுகூட இல்ல. என் லேப்புக்குத் தினம் பத்துக் குழந்தை வருது. ஒண்ணு ஊசியைப் பார்த்ததும், ‘வேணாம் ஆன்ட்டி, வலிக்கும் ஆன்ட்டி, நாளைக்கு வரேன் ஆன்ட்டி’ன்னு பேரம் பேசும். அதே வயசுல இன்னொண்ணுக்கு ‘ம்ம்’ங்கற ஒரு சத்தம்தான் வரும். கையை இழுத்துக்கறதுல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இழுக்குது.

— பேரம் பேசற புள்ளை பெரியாளா வரும். ‘ம்ம்’ங்கறது உன் லேப்புல டியூப் கழுவும்.

— டியூபெல்லாம் இப்ப யாரும் கழுவறதில்ல, தூக்கிப் போட்டுடுவோம். வாசக்கதவு பக்கத்துல என்ன பை அது?

— அவன் பைதான். எட்டு சட்டை, ஆறு டிராயர், ஒரு போர்வை. நானே மடிச்சு வெச்சேன். உன் அலமாரி இருந்த இருப்பு, ஐயோ!

— எதுக்குன்னு கேட்டேன்.

— ரெண்டு மாசம் என்கூட இருக்கட்டும். உன் புருஷன், என் தம்பி, சரின்னுட்டான். அஞ்சு மணிக்கு வண்டியோட வர்றான்.

— என்னைக் கேக்காமலேயா?

— கேட்டா வேண்டாம்பே. அதான் கேக்கல.

— நான் பெத்த புள்ளை அண்ணி.

— என் தம்பி புள்ளை. எங்க வீட்ல வாய் செத்தவங்க யாரும் கிடையாது. என் பொண்ணு ரேடியோவை எடுத்துக்கோ. ஒம்பதாம் மாசம் அம்மான்னா. ஒரு வயசுல அம்பது சொல்லு. ஒண்ணரை வயசுல இருநூறைத் தாண்டிட்டா. சும்மாவா அவளுக்கு ரேடியோன்னு பேர் வெச்சோம்? போறவன் வர்றவன் எல்லாம் நின்னு கேட்டுட்டுப் போவான். எதனால? இந்த முறையால. பொம்மை கேட்டா பேரைச் சொல்லு. பிஸ்கட் கேட்டா பேரைச் சொல்லு. தூக்கச் சொன்னா, ‘தூக்கு’ன்னு வாயைத் திறந்து சொல்லு. சொல்லாம ஒண்ணும் கிடையாது.

— தூக்கறதுக்குமா?

— ஏன், அதுல என்ன? கையை நீட்டினா தூக்கிடணுமா? கையை நீட்டறது சோம்பேறித்தனம். இப்ப அவ பொண்ணைப் பாரு, என் பேத்தியை. ஒண்ணே முக்கால் வயசு. எண்பது சொல்லு பேசுது!

— எண்பதா? யார் சொன்னாங்க?

— யார் சொல்லுவா, ரேடியோதான்.

— எப்ப சொன்னா?

— போன வாரம். போன் பண்ணப்ப.

— என்னைக்கு?

— என்னைக்கோ ஒரு நாள். நீ என்ன போலீஸா?

— இல்ல, எனக்கு ஞாயித்துக்கிழமையானா பண்றா. அதான் உங்களுக்கு என்னைக்குன்னு கேட்டேன்.

— உனக்கா? ரேடியோவா?

— ஒண்ணரை வருஷமா. மத்தியானம் குழந்தை தூங்கினதும் ‘அத்தை’ன்னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஓடிடும். அவ பொண்ணு பேசறது மூணு சொல்லு அண்ணி. பட்டாணியைவிட ரெண்டு கம்மி. உங்க தெருக் கிளியைவிட ஒம்பது கம்மி.

— பொய்.

— நீங்கதான் பொய். அவ உங்ககூடப் பேசி ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு. பேத்தியோட போட்டோவைக்கூட நீங்க பார்த்ததில்ல. பார்க்காத குழந்தைக்கு எண்பது சொல்லு எண்ணி வெச்சிருக்கீங்க.

— மூணா? மூணுதானா?

— மூணுதான்.

— அவ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போய்...

— அதனாலதான் சொல்லல. ‘அம்மா காதுல விழுந்தா பையோட வந்து நிப்பா அத்தை’ன்னு பயந்து சாகறா. நான்கூட அன்னைக்குச் சிரிச்சேன். இப்ப அந்தப் பையைப் பார்த்தா சிரிப்பு வரல.

— நன்றிகெட்டவ. அவளுக்கு நான் என்ன குறை வெச்சேன்? பேச்சுப் போட்டியில நாப்பத்திரண்டு கோப்பை வாங்கினா. ஷோகேஸ் உள்ள எடம் இல்லாம மேல அடுக்கி வெச்சிருக்கேன். இன்னமும் நான்தான் துடைக்கறேன்.

— நாப்பத்து மூணாவது போட்டி என்னாச்சு அண்ணி?

— ஓ. அதையும் உன்கிட்ட ஓதிட்டாளா?

— ஒம்பது வயசு. பெரிய மண்டபம். பாதியில மறந்துபோய் மைக் முன்னாடி நின்னுட்டா. நீங்க முதல் வரிசையிலேர்ந்து எழுந்து வெளிய போனீங்க. ஏதோ தண்ணி வாங்கப் போறீங்கன்னு நினைச்சாளாம். நீங்க வீட்டுக்கே போயிட்டீங்க.

— மண்டபத்து வாட்ச்மேன் வீட்டுக்குக் கொண்டாந்து விட்டான்ல? காணாமலா போயிட்டா?

— விட்டான். நீங்க கதவைத் திறந்தீங்களா?

— மறந்துபோன அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லு, திறக்கறேன்னேன்.

— சொன்னாளா?

— ஒரு எழுத்து பிசகாம சொன்னா! அங்க நிக்குது பார்த்தியா என் முறை! மேடையில வராதது வாசல்ல வந்துச்சு. நீயே சொல்லு, வேலை செஞ்சுதா இல்லையா?

— எவ்வளவு நேரம் கழிச்சு?

— ஒரு மணி நேரம் இருக்கும். நான் என்ன கடிகாரத்தையா பார்த்துட்டு இருந்தேன்?

— அவ ஃப்ராக் நனைஞ்சிருந்ததா?

— நனைஞ்சிருந்தது. மழை பெஞ்சிருக்கும். அதுக்கென்ன?

— அன்னைக்கு மழை இல்ல அண்ணி.

— என்ன?

— மழை பெய்யல. கதவைத் தட்டி, பாத்ரூம் போகணும்னு ரெண்டு தடவை சொன்னாளாம். அந்தச் சொல்லுக்குக் கதவு திறக்கல.

— எனக்கு... அது என் காதுல விழல.

— விழலையா?

— ஏதோ முனகற மாதிரி இருந்தது. பாடம்தான் மறந்து மறந்து சொல்றாளாக்கும்னு... சே. அவ என்கிட்ட சொல்லவே இல்லையே.

— யார்கிட்டயும் சொல்லல. கல்யாணமாகி, வயித்துல குழந்தை வந்தப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டா. அன்னைக்கு ஏம்மா அப்படிப் பண்ணேன்னு. நீங்க என்ன சொன்னீங்க?

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— ‘அதனாலதான் நீ இன்னைக்கு ஆளா நிக்கறே’ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சிட்டீங்க. அதோட ரேடியோ ஆஃப்.

— நீ ரொம்பப் பேசறே.

— என் புள்ளைக்கும் சேர்த்துப் பேசறேன். அவளுக்கு உங்ககிட்டேர்ந்து ஒரே ஒரு சொல்லு வேணும் அண்ணி. மன்னிச்சுடு. அதைச் சொன்னா அம்மாவோட பேசறேன், பாப்பாவைக் காட்டறேங்கறா. சொல்லலைன்னா ஒண்ணும் கிடையாது. உங்க முறைதான். நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கா.

— பெத்தவ புள்ளைகிட்டப் போய் மன்னிப்புக் கேக்கறதா? எந்த வீட்ல நடக்கும்?

— சரி, ஒரு ஏற்பாடு பண்ணுவோம். அஞ்சு மணிக்கு உங்க தம்பி வருவாரு. இப்ப அவளுக்குப் போன் போடறேன். நீங்க அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்க. பையை நானே தூக்கி வண்டியில ஏத்தறேன். பட்டாணியை ரெண்டு மாசம் இல்ல, மூணு மாசம் வெச்சுக்கோங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.

— நிஜமாவா சொல்றே?

— என் புள்ளை தலையில கை வெச்சுச் சொல்றேன். சொல்லலைன்னா பை உள்ள போகும்.

— இவ்வளவுதானா? பேச்சுதானே! முப்பது வருஷமா பேச்சை வெச்சே பிழைக்கறேன், என்கிட்ட வந்து ஒரு சொல்லுக்குப் பந்தயம் கட்டறா பாரு. போடு. போடு போனை.

— ஸ்பீக்கர்ல போடறேன்... ஹலோ, நான்தாம்மா, அத்தை.

— சொல்லுங்க அத்தை. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே? பட்டாணி நல்லா இருக்கானா?

— நல்லா இருக்கான். உங்கம்மா பக்கத்துல இருக்காங்க. உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்.

— அம்மாவா? ...சரி. கேக்கறேன்.

— ரேடியோ! நான்தான்டி. சாப்பிட்டியா?

— சாப்பிட்டேன்.

— குரல் ஏன் கம்முது? சளியா? மிளகு போட்டுப் பால் குடி. குரலைக் கெடுத்துக்காதே, எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

— சளி எல்லாம் இல்லம்மா.

— பாப்பா என்ன பண்றா?

— என் மடியிலதான் இருக்கா. போனையே பார்த்துட்டு இருக்கா.

— ஓ. பார்க்கறாளா? பல்லு எத்தனை முளைச்சிருக்கு?

— அம்மா, நீ ஏதோ சொல்லணும்னு அத்தை சொன்னாங்க.

— ஆமா, ஆமா. இரு. அதாவது... அந்தக் காலத்துல எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல பாரு. உங்கப்பாவும் இல்ல. ஒத்தை ஆளா நின்னு... நான் என்ன சொல்ல வர்றேன்னா, ஒரு தாய்ங்கறவ...

— மேடைப்பேச்சு வேணாம்மா. நான் வெச்சிடவா?

— வெச்சிடாதே! வெச்சிடாதேடி. இரு.

— இருக்கேன்.

— ஒரே சொல்லு அண்ணி. அவ காத்துட்டு இருக்கா.

— தெரியும். சும்மா இரு நீ. ரேடியோ... ம... ம்ம்...

— அண்ணி, முகம் ஏன் இப்படி வேர்க்குது? உக்காருங்க. இப்படி நாற்காலியில உக்காருங்க.

— நீயே சொல்லிடேன்மா அவகிட்ட. எனக்கு வாய் வரல.