‘நான் சுட்டேன்’ என்று எழுதச் சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் சிறைக் கண்காணிப்பாளர் கின்கேட் அம்மையார் அவர்களே, இந்த ஆலயத்தை இன்று நமக்காகத் திறந்துவிட்ட போதகர் சோரல் அவர்களே, கல்வி அலுவலர் ஏபர்நதி அம்மையார் அவர்களே, சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் காவலர் பெருமக்களே, பெஞ்சுகளில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கும் என் சகோதரர்களே!

நான் ஹோரஸ் டில்மன். இந்த டன்மோர் பெண்ட் சிறையின் கல்விக்கூடத்தில் அமெரிக்க இலக்கியமும் எழுத்துப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கும் கைதி. எனக்குப் பக்கத்து மேசையில் இருபது வருடங்களுக்கு மேலாக உட்கார்ந்து வரலாறும் அரசாங்கப் பாடமும் நடத்திய கைதி லெமுவெல் பிராக்ஸ்டன். நீங்களும் நானும் ‘வாத்தியார்’ என்று கூப்பிட்ட பிராக்ஸ்டன். அவர் போய்விட்டார். நேற்றுக் காலை வேலிக்கு அப்பால், சோயா வயலை ஒட்டிய நிலத்தில் நாங்கள் ஆறு பேர் அவரை இறக்கி வைத்தோம். உடலைக் கேட்டு வெளியிலிருந்து யாரும் வரவில்லை. வருவதற்கு யார் இருக்கிறார்கள்? அவருடைய அக்கா எர்னஸ்டின் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரங்கல் கூட்டத்தில் ஆறுதல் சொல்வது வழக்கம். நானும் தேடிப் பார்த்தேன். என்னிடம் ஆறுதல் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கல்விக்கூடத்துக்கு நான் வந்தபோது இங்கே என்ன இருந்தது? யாரோ வேண்டாமென்று கொடுத்த ஓர் அலமாரிப் புத்தகங்கள்! அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தில் பின்பாதி கிழிந்து போயிருந்தது. உள்நாட்டுப் போரோடு நாடே முடிந்துவிட்டது. அரசாங்கப் பாடநூலில் அட்டை இருந்தது, அதற்குள் வேறொரு சமையல் புத்தகம் தைக்கப்பட்டிருந்தது. வாத்தியார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “டில்மன், செனட் சபைக்கு எத்தனை முட்டை போடணும்னு இதுல இருக்கு. எத்தனை உறுப்பினர்னு நாமதான் எழுதணும்.”

எழுதினார். நான்கு பாடங்களையும் எழுதினார். வரலாறு, அரசாங்கம், இலக்கியம், எழுத்து. அலுவலகம் கழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். உலோகப் பின் அனுமதியில்லை என்பதால் நூலால் கோத்தார். பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் போகிறவன் ஒவ்வொருவனும் அந்தக் கட்டுகளைச் சுமந்துகொண்டுதான் போனான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் தேர்வில் தேறியவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று சொல்ல ஆசைதான். எழுந்து நின்றால் காவலர்கள் பதறுவார்கள். உட்கார்ந்தே இருங்கள்.

ஓட்டுப் போடும் உரிமை இல்லாதவர் தேர்தலைப் பற்றிப் பாடம் எழுதினார்! எப்படி எழுதினார்? பொதுக்கூடத்துத் தொலைக்காட்சியை வைத்து எழுதினார். எந்த அலைவரிசை ஓட வேண்டும் என்று அடிதடி நடந்துகொண்டிருந்த காலம் அது. தொலைக்காட்சிக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுங்கள் என்றார். டுப்ரீயும் வாஷ்பர்னும் போட்டியிட்டார்கள். டுப்ரீ கால்பந்து கட்சி. வாஷ்பர்ன் சமையல் நிகழ்ச்சிக் கட்சி. ஞாபகம் இருக்கிறதா சகோதரர்களே? வாஷ்பர்ன் ஜெயித்துவிட்டான்.

“கள்ள ஓட்டு! நூடுல்ஸ் பாக்கெட் குடுத்து வாங்கிட்டான்!” என்று டுப்ரீ குதித்தான்.

“உனக்கும் ரெண்டு பாக்கெட் வந்துச்சுல்ல?” என்றார் வாத்தியார்.

“வந்துச்சு. அதுக்காக அவனுக்கா ஓட்டுப் போடுவேன்? தின்னுட்டு எனக்கே போட்டுக்கிட்டேன்.”

“அப்ப ரகசிய வாக்கெடுப்புன்னா என்னன்னு நீ படிச்சுட்ட. இப்ப போய் அவனுக்குக் கை குடு. தோத்தவன் கை குடுக்கறதுதான் அடுத்த பாடம்.”

டுப்ரீ கை கொடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தான். அந்த வருடம் முழுக்க நாம் கேக் செய்வதைப் பார்த்தோம்.

நோய்த் தொற்றுக் காலத்தில் எல்லோரையும் அறைக்குள் பூட்டினார்கள். வகுப்பு கிடையாது. நம்மோடு இருந்த சிலர் அந்த அறைகளிலிருந்து நடந்து வெளியே வரவேயில்லை. அப்போது வாத்தியார் என்ன செய்தார்? பழைய கதை ஒன்றைத் தாள் தாளாகப் படியெடுத்துக் கதவுக்கடியில் தள்ளிவிட்டார். ஒருவன் படித்துவிட்டு அடுத்த அறைக்குத் தள்ள வேண்டும். கோடியில் இருந்த டுப்ரீ நடைக்கூடமே அதிரக் கத்தினான்: “கடைசிப் பக்கம் எங்கடா? எவன் அமுக்கி வச்சிருக்கான்? அந்தப் பொம்பளை பொழைச்சாளா இல்லையா, யாராச்சும் சொல்லித் தொலைங்கடா!” இலக்கிய ஆசிரியனான நான் அப்படியொரு வாசகனை அதற்கு முன் பார்த்ததில்லை.

சகோதரர்களே, சிரித்துவிட்டோம். இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

எழுத்துப் பாடக் கட்டின் முதல் பாடம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பயந்து வகுப்பை விட்டு ஓடியவர்களும் இங்கே இருக்கிறார்கள். செய்தவனை மறைக்கும் வாக்கியம் எழுதாதே. அதுதான் பாடம். அதற்கு எடுத்துக்காட்டாக வாத்தியார் வேறு யாருடைய வாழ்க்கையையும் எடுக்கவில்லை. தன்னுடையதை எடுத்தார். “‘துப்பாக்கி வெடித்தது, கடைக்காரர் இறந்துபோனார்’ என்று எழுதாதே. துப்பாக்கி தானாக எங்கும் நடந்து போகாது. ‘நான் சுட்டேன். திரு. வால்டர் இஸ்பெல் இறந்தார்’ என்று எழுது.” பத்தொன்பது வயதில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து அவர் செய்தது அது. தன் கையெழுத்தில், ஒவ்வொரு புதிய மாணவனுக்கும் முதல் பக்கமாக அதைக் கொடுத்தார். கொலையைப் பெருமையாகச் சொல்கிறவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். கொலையை மறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொலையை இலக்கணமாகக் கற்றுக்கொடுத்த ஒரு மனிதரை, இவர் ஒருவரைத்தான் பார்த்தேன்!

போன வருடம் விடுதலை கேட்டுக் கருணை வாரியத்துக்கு அவர் மனுப் போட்டார். நாங்கள் வற்புறுத்தித்தான் போட்டார். சம்பளம் வாங்காமல் உதவ வந்த வழக்கறிஞர் பெண், செல்வி ஹாலோவே, மனுவை வாசித்துவிட்டுத் தயங்கினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“மிஸ்டர் பிராக்ஸ்டன், ரெண்டாவது வரியை மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாமா? ‘கைகலப்பில் துப்பாக்கி வெடித்தது’ன்னு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. பொய்யும் இல்லை. கைகலப்பு நடந்துச்சு இல்லையா?”

“நடந்துச்சும்மா. அவர் என் கையைப் புடிச்சாரு. நான் கையை உதறிட்டு, ஒரு எட்டு பின்னால வந்து, அப்புறம் சுட்டேன்.”

“அதை யாரும் உங்ககிட்ட கேக்கலை சார்.”

“நான் என் பசங்ககிட்ட தினமும் கேக்கறேனேம்மா. இங்க மாத்திட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவனுங்க முன்னாடி நிப்பேன்?”

மாற்றவில்லை. மனு அப்படியே போனது.

விசாரணை நாளன்று திரு. இஸ்பெல்லின் மகள் வந்திருந்தார். நரைத்த தலை, கையில் தந்தையின் புகைப்படம். சாட்சி சொல்ல நானும் அழைத்துச் செல்லப்பட்டிருந்தேன். இந்த மனிதரிடம் படித்தவர்களைப் பற்றி நான் சொன்னேன். அவர் எழுதிய பாடங்களைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மையார் முழுதும் கேட்டார். பிறகு எழுந்தார்.

“இவர் நல்லா பாடம் எழுதுவாருன்னு சொல்றீங்க. சரி. எங்கப்பாவைச் சுட்டேன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு. வெடிச்சுதுன்னு சொல்லலை, சுட்டேன்னு சொல்லியிருக்காரு. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்? எனக்கு அப்ப எட்டு வயசு. கடைக்குப் பின்னாடி ரூம்ல இருந்தேன்.”

அவ்வளவுதான் பேசினார். யார் அவரைக் குறை சொல்ல முடியும்? நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது!

மனு தள்ளுபடியானது. வாரியத்தின் உத்தரவில் காரணமாகக் காட்டியது ஒன்றே ஒன்று. மனுதாரரே வேண்டுமென்று சுட்டதாக ஒப்புக்கொள்கிறார். அதாவது வாத்தியாரின் முதல் பாடம்!

வண்டியில் திரும்பி வரும்போது விலங்கு பூட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: “அந்தம்மா சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லை, டில்மன். ரூம்ல இருந்திருக்கா. எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது.”

மறுநாள் அரசாங்கப் பாடத்தில் ஆளுநரின் மன்னிக்கும் அதிகாரம் என்ற பகுதி வந்தது. அவரே எழுதிய பகுதி. வாஷ்பர்ன்தான் வாயைத் திறந்தான்.

“வாத்தியாரே, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்ரவா?”

“எதுக்குக் கிழிக்கணும்? சட்டத்துல இருக்கில்ல. எனக்குக் கிடைக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? படி, சத்தமா படி.”

வாஷ்பர்ன் படித்தான். வாத்தியார் கடைசி வரைக்கும் கேட்டார், தேர்வில் எப்படிக் கேள்வி வரும் என்றுகூடச் சொன்னார். அன்றைக்கு அவரைப் பார்த்தவர்கள், மலை போல நிற்கிறார் மனிதர் என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இல்லை சகோதரர்களே! அதுவே அவருடைய கடைசி வகுப்பு. அதற்குப் பிறகு அவர் பேனாவைத் தொடவில்லை. பாதி எழுதிய இலக்கியப் பாடம் பாதியிலேயே நின்றது. மருந்து வரிசையில் நிற்பதை விட்டார். சோளரொட்டியைத் தட்டோடு பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவார். டுப்ரீ கோபித்தான், கெஞ்சினான், ஒருநாள் கட்டிலருகே உட்கார்ந்து அழுதான். “எந்திரிய்யா கிழவா! எனக்கு அரசாங்கப் பாடம் மட்டும்தான் பாக்கி, தேர்வு முடியட்டும்யா!” என்றான். வாத்தியார் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை.

மருத்துவப் பிரிவில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். பேச மூச்சு போதவில்லை. குனியச் சொன்னார்.

“டில்மன், அந்த முதல் பாடம்... அதை எடுத்துடு.”

“என்ன பேசற நீ?”

“பசங்க மனு எழுதுவானுங்க. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே எழுதுவானுங்க. அதுவே அவனுங்களுக்கு எதிரா நிக்கும். என்னை மாதிரி உள்ளயே கெடப்பானுங்க. வேண்டாம். எடுத்துடு.”

“அப்ப நீ எழுதினது தப்புங்கறியா?”

கண்ணை மூடிக்கொண்டு, “தெரியலைடா” என்றார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த மனிதர் என்னிடம் கடைசியாகச் சொன்ன சொல் அது.

நாற்பத்தாறு ஆண்டுகள் இந்தச் சுவருக்குள் இருந்து, இந்த நாட்டின் சட்டத்தையும் வரலாற்றையும் நம்மைவிட நம்பிய ஒருவர், தன் பாடத்தின் மீதே நம்பிக்கை இழந்து செத்தார். இதற்கு நான் என்ன ஆறுதல் சொல்வேன்? அவர் நல்ல இடத்துக்குப் போயிருக்கிறார் என்று போதகர் சொல்வார், சொல்லட்டும். கல்விக்கூடத்துக்குப் புதிய தொடுதிரைக் கருவிகள் வருகின்றன என்று ஏபர்நதி அம்மையார் சொல்வார், வரட்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் இளையவர்களில் ஒருவன் நேற்றுக் குழிக்கரையில் என்னிடம் கேட்டான்: “உண்மையை எழுதி அவருக்கு என்ன கெடச்சுது?” நான் மண்வெட்டியை எடுத்துக் குழிக்குள் மண்ணைத் தள்ளினேன்.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பதோடு இப்படிப்பட்ட கூட்டம் முடிய வேண்டும். எந்தப் பணியை? பாடத்தை வைத்திரு என்றது அவருடைய வாழ்க்கை. எடுத்துவிடு என்றது அவருடைய சாவு. யார் பேச்சைக் கேட்பது? மூன்று இரவுகள் அந்தப் பாடக் கட்டை அவிழ்த்தேன், கட்டினேன், மறுபடி அவிழ்த்தேன்.

வாத்தியாரே, உன் பேச்சை நான் மீறுகிறேன். முதல் பாடம் இருக்கும். ஆனால் நீ எழுதாமல் விட்ட ஒரு வரியை அதன் அடியில் என் கையெழுத்தில் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள்: ‘இப்படி எழுதுகிறவனுக்கு வெளியே போக வழி கிடைக்காமல் போகலாம். இதை எழுதிய லெமுவெல் பிராக்ஸ்டனுக்குக் கிடைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு பேனாவை எடு, அல்லது எடுக்காதே.’