நீல ரிப்பன்கள்

எனக்கு இசை பிடிக்கும், மேடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அக்கார்டியன் வாசிப்பவன் நான். அதனால் டாக்டர் பெலாஞ்சரின் மணிச் சத்தத்தின் மேல் எனக்குப் பகை என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதினால் அது சரியாக இருக்காது.

மணி அவர் இடுப்பில் இருக்கும். கழுத்தில் ஒரு விசில். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிகாகோவிலிருந்து எங்கள் மிச்சிகன் காட்டோரம் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. விடிந்தால் காட்டுப் பாதையில் ஓடுவார். பாதை, மரத்தில் நான் கட்டிய வேட்டைப் பரணிலிருந்து நாற்பது அடி தள்ளிப் போகிறது. நான் இருட்டோடு ஏறி, மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன். மான் தலை காட்டும். உடனே ஜல் ஜல் என்று இவர் வருவார், ஒரு விசில் ஊதுவார். மான் போய்விடும். என் பரணைப் பார்த்துக் கையும் ஆட்டுவார்.

ஒரு தடவை இறங்கிப் போய் நயமாகத்தான் கேட்டேன். "டாக்டர், வேட்டை சீசன் முடியற வரைக்குமாவது அந்த மணியைக் கழட்டி வைக்கலாமே?"

"எதுக்கு? மான்னு நெனச்சு நீங்க என்னைச் சுடறதுக்கா?"

"மான் இவ்வளவு மூச்சு வாங்காது டாக்டர்."

"இது அரசாங்கக் காடுய்யா. உங்கப்பன் வீட்டுத் தோட்டமா?"

"எங்கப்பன் தோட்டமா இருந்தா உங்களை கேட்டுலயே நிறுத்தியிருப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு. கைகலப்பு எதுவும் இல்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

பாதையைக் காட்ட மரங்களில் நீல ரிப்பன் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வரும் வழியில், அதில் நான்கை அவிழ்த்து இருபது அடி தள்ளிக் கட்டினேன். அவருக்கும் எனக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கட்டுமே என்றுதான். அடுத்த ஞாயிறு இன்னும் நான்கு. டாக்டர் ரிப்பனைப் பார்த்து ஓடுகிறவரே தவிர, காட்டைப் பார்த்து ஓடுகிறவர் இல்லை. அக்டோபருக்குள் புதுப் பாதையை அவர் கால்களே மிதித்துப் போட்டுவிட்டன. அதில் என் உழைப்பைவிட அவர் உழைப்புதான் அதிகம்.

கடைசி ஆறு ரிப்பன்கள் சதுப்புக்குள் போனது உண்மைதான். ஆனால் நான் பொறுப்பில்லாமல் செய்யவில்லை. கம்பை விட்டு மூன்று இடத்தில் ஆழம் பார்த்தேன். சேறு எனக்குத் தொடை வரைக்கும் வந்தது. அவர் என்னைவிட நான்கு அங்குலம் உயரம்.

ஏன் சதுப்பு என்று கேட்கிறீர்கள். அங்கே சத்தம் கேட்டால் மான்கள் மேட்டுப் பக்கம் ஏறும். மேட்டில்தான் என் பரண். மூன்று வருஷமாக என் மான்களை விரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் என் பக்கமாக விரட்டினால் கணக்குச் சரியாகிவிடும் என்று தோன்றியது.

நவம்பர் பதினைந்து, சீசனின் முதல் நாள். ஏழரை மணிக்கு மணிச் சத்தம் ரிப்பன் போன வழியே போனது, பிறகு நின்றது. விசில் ஆரம்பித்தது. அங்கே போனில் சிக்னல் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். ஏழே முக்காலுக்குப் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் மேட்டில் ஏறி வந்து எனக்கு நேராக நின்றது. ஒரே குண்டு. குடலை எடுத்து, வண்டிவரை இழுத்துப் போய் ஏற்றி, கையைத் துடைத்துக்கொண்டு கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்று சாப்பிட்டேன். வேட்டையன்று நிதானம் முக்கியம்.

பத்தே காலுக்குச் சதுப்புக்குப் போனேன். விழுந்து கிடந்த தேவதாரு மரத்தைக் கட்டிக்கொண்டு, தொடைவரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கயிறு போட்டு இழுத்தவன் நான். என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன், சூடாகக் காப்பி கொடுத்தேன். மனிதர் என் தோளில் சாய்ந்து அழுதார்.

"நீங்க மட்டும் வரலேன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன், ஆர்வோ."

"சும்மா இருங்க டாக்டர். பக்கத்துல இருக்கறவங்க எதுக்கு இருக்கோம்?"

குளிரில் விறைத்து இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது, வருத்தம்தான். மீதி எட்டும் நன்றாக இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போன வாரம் கைத்தடியோடு வந்து வீட்டில் சுட்ட ஆப்பிள் பை கொடுத்துவிட்டுப் போனார். மான் இறைச்சியில் பாதியை நான் அவருக்குக் கொடுத்தேன். மூன்று வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நெருங்கியதே இல்லை. இப்போது நீங்கள் ரிப்பன் முடிச்சுகளையும் என் தூண்டில் முடிச்சுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து அதைக் கெடுக்கப் பார்க்கிறீர்கள்.

அந்த விசில் ஆபத்துக்கு ஊதியது என்று எனக்கு எப்படித் தெரியும், அவர் தினமும் ஊதுகிறவர்தானே என்று முதலில் சொன்னேன். நீங்கள் விடாமல் கேட்பதால் சொல்கிறேன். விசில் எட்டு மணிக்கே நின்றுவிட்டது. அதன்பிறகு அவர் என் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "மிஸ்டர் ஹியெட்டலா, ஐயா, தயவு செஞ்சு வாங்க" என்று, அவ்வளவு பணிவாக. வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் சரியாக உச்சரிக்கிறாரா என்று ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.